இரண்டு மணித்தியாலத்தில் அணையும் விளக்கு

எட்டு மணித்தியாலம் எரிய வேண்டிய வாசிப்பு விளக்கு ஏன் இரண்டு மணித்தியாலத்தில் அணைந்துபோகிறது என்பது மூன்று கிழமையாக எனக்கு விளங்கவில்லை. விளக்கு பழுது என்றால் பழுது என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய விளக்குகள் எங்கள் மேசைக்கு வந்ததும் ஒழுங்காக எட்டு மணித்தியாலம் எரிந்தன. ஒன்றிரண்டு அல்ல, வந்த ஒன்பதும்.

எங்கள் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. கடை என்று சொன்னாலும் யாரும் படியேறி வருவதில்லை. விற்பனை எல்லாம் இணையத்தில். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில், மேசை மின்விசிறி, சோறு அவிக்கும் குக்கர், போன் சார்ஜர். வாங்கியவர்கள் தளத்தில் எழுதும் கருத்துகளை வாசித்து, பதில் எழுதி, கோபமாக எழுதியவர்களுக்குப் போன் எடுத்துக் கதைப்பது என் வேலை. ஆறு வருடமாகச் செய்கிறேன். பின்னேரம் நான்கு மணியானால் என் குரல் எனக்கே வேறு யாரோ கதைப்பதுபோலக் கேட்கும்.

அந்தத் தளத்தில் நான் கேட்டுச் சேர்த்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: நாவல்கள். இங்குள்ளவர்கள் எழுதி, சொந்தச் செலவில் நானூறு ஐந்நூறு பிரதி அச்சடித்து, கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் நாவல்கள். முதலாளி உமாசுதனுக்கு இரண்டு வருடம் கரைச்சல் கொடுத்து, களஞ்சிய அறையில் அவற்றுக்கு ஒரு தட்டு வாங்கினேன். தனியாக வைத்தபோது அவை விற்கவில்லை. ஒவ்வொரு நாவலுடனும் சார்ஜ் பண்ணும் வாசிப்பு விளக்கு ஒன்றைச் சேர்த்து ஒரே செற்றாக, ஒரே பெட்டியில் விற்கலாம் என்று சொன்னேன். விற்றது. ஆனால் பெட்டிக்கு ஒரே நட்சத்திர வரிசைதான். விளக்கின் மேல் வந்த கோபமெல்லாம் புத்தகத்தின் தலையில் விழுந்தது.

"கதை நல்ல விறுவிறுப்பு. கொலைகாரன் ஆரெண்டு தெரியிறதுக்கு முதல் லைற் நிண்டுட்டுது. ரெண்டு ஸ்டார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "கதாநாயகி ஒவ்வொரு அத்தியாயத்திலும் அழுகிறா. விளக்கு அவவுக்கு முதலே களைச்சுப் போகுது" என்று இன்னொருவர். "பெட்டி வடிவாக் கட்டி வந்தது. புத்தகம் இன்னும் திறக்கேல்லை. மூண்டு ஸ்டார்" என்று எழுதியவருக்கு மட்டும் நான் மனதார நன்றி சொன்னேன்.

வியாழக்கிழமை உமாசுதன் தேநீர்க் கோப்பையோடு என் மேசையடிக்கு வந்தார்.

"நிருஷா, அந்தச் செற்றுக்கு இப்ப எத்தினை?"

"ரெண்டு தசம் ஒண்டு, அண்ணை."

"கேத்திலுக்கே நாலு இருக்குது. கேத்திலுக்கு ஒரு கதையும் இல்லை."

"விளக்கில பிழையில்லை. வந்த ஒன்பதையும் நானே எரிச்சுப் பாத்தனான்."

"அப்ப சனம் பொய் சொல்லுதோ?"

"அதுவும் இல்லை."

"பிழையும் இல்லை, பொய்யும் இல்லை. அப்ப பேய்தான்." அவர் ஒரு மிடறு குடித்தார். "திங்கட்கிழமை மட்டும் பாப்பம். பிறகு செற்றைத் தளத்தில இருந்து எடுத்துவிடும். தட்டைப் போன் கவருக்குக் குடுப்பம். புத்தகங்களை எழுதின ஆக்களிட்டயே அனுப்பிவிடும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் மறுத்துக் கதைக்கவும் வழியில்லை. பதினொரு எழுத்தாளர்களுக்கும் போன் எடுத்து, உங்கள் புத்தகங்கள் திரும்பி வருகின்றன, கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று கேட்கப்போவது நான்தான்.

விளக்கு வேலைசெய்யும் விதத்தைச் சொன்னால்தான் என் குழப்பம் விளங்கும். அடித்தட்டு, வளையும் கழுத்து, நுனியில் வெளிச்சம், அவ்வளவுதான் விளக்கு. அடித்தட்டின் முன்பக்கம், சரி நடுவில், உழுத்தம்பருப்பு அளவில் ஒரு குழி இருக்கிறது. குழிக்குள் ஒளியை உணரும் ஒரு கண். முன்னால் விரித்து வைத்த புத்தகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அந்தக் கண் பார்க்கும். போதாவிட்டால் விளக்கு கொஞ்சம் கூட்டி எரியும். மறுபடி பார்க்கும். போதுமென்றால் அந்த அளவிலேயே நின்றுவிடும். அறையில் ரியூப் லைற் எரிந்தால் விளக்குக்கு அதிக வேலையில்லை. அதனால்தான் எட்டு மணித்தியாலம். முழு இருட்டிலும், தன் வெளிச்சமே தாளில் பட்டுத் திரும்பி வருவதைக் கண் காணும் என்பதால், ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. களஞ்சிய அறைக் கதவைச் சாத்தி அதையும் பார்த்துவிட்டேன். ஒன்பது விளக்குகளின் கண்களும் ஒழுங்காக வேலைசெய்தன.

சார்ஜரை அளந்தேன். சரியாக இருந்தது. பிறகு கடற்காற்றைச் சந்தேகித்தேன். வெள்ளவத்தையில் ஜன்னல் கம்பி ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும், விளக்கு எந்த மூலைக்கு என்று நினைத்துக்கொண்டு, முறைப்பாடுகளை இடம் இடமாகப் பிரித்தேன். மொத்தம் முப்பத்தொன்று. பாதிக்கு மேல் வெள்ளவத்தை. கடலிலிருந்து தள்ளி இருக்கும் மருதானையில் ஒன்றும் இல்லை. அதற்கும் உள்ளே, தெமட்டகொடையில் அஸ்கா என்பவர், "நல்ல சாமான். வாசிச்சு முடிச்சும் சார்ஜ் மிச்சம்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். கடற்காற்றேதான் என்று கொஞ்ச நேரம் சந்தோசமாக இருந்தேன்.

கொட்டாஞ்சேனை அதைக் கெடுத்தது. அங்கே ஒரே தொடர்மாடியில் இரண்டு பேர் வாங்கியிருந்தார்கள். கீழ்த்தளத்துக் கிளறன்ஸ் ஐந்து நட்சத்திரம். இரண்டாம் மாடிப் பேச்சியம்மா ஒரு நட்சத்திரம். ஒரே காற்று, ஒரே கரண்ட், ஒரே நாளில் ஒரே ஆள் கொண்டுபோய்க் கொடுத்த பெட்டிகள்.

போனில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பஸ் மாறி நேரில் போனேன். மருதானையில் அரை மணித்தியாலம் வெயிலில் நின்றதில் கால் விண்விண் என்று வலித்தது. தொடர்மாடி வாசலில் காவல்காரர், "கொஹெத யன்னே, நங்கி?" என்று மறித்தார். எங்கே போகிறேன் என்பதைச் சிங்களத்தில் சொல்லத் தெரிந்தது. ஏன் போகிறேன் என்பதைச் சொல்லத்தான் எந்தப் பாசையிலும் வரவில்லை. விளக்குக் கடை என்றேன். விட்டுவிட்டார்.

கிளறன்ஸ் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். விசயத்தைக் கேட்டதும் தன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் படியேறினார்.

"மிஸ், லைட்ல பிழையில்ல. மேல இருக்கிற அக்கா லைட்டப் போட்டுட்டு நித்திர. அது விடிய விடிய எரியுது."

கதவைத் திறந்த பேச்சியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தனியார் மருத்துவமனை ஒன்றில் துணிமணிப் பிரிவில் காலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார்.

"வாங்க, உக்காருங்க. அவரு பேச்சக் கேக்காதீங்க. இவரு முன்னூறு பக்கமும் படிச்சு முடிச்சுட்டு, கொலைகாரன் யாருன்னு படிக்கட்டுலயே வச்சுச் சொல்லிட்டாரு. நான் போட்ட ஒரு ஸ்டாரு லைட்டுக்கு மட்டுமில்ல, இவருக்கும் சேத்துத்தான்."

"நாற்பதாம் பக்கத்திலயே தெரியும் அக்கா. வைத்தியர்தான்."

"பாத்தீங்களா, திரும்பவும் சொல்றாரு."

நான் இரண்டு விளக்குகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு புத்தகத்தை விரித்துப் போட்டேன். ஜன்னலால் நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கிளறன்ஸின் விளக்கு மங்கலாக எரிந்தது. பேச்சியம்மாவின் விளக்கு கண் கூசும்படி எரிந்தது. வித்தியாசம் கண்முன்னால் இருந்தது, காரணம்தான் இல்லை. புத்தகங்களை மாற்றிப் போட்டேன். விளக்குகளை இடம் மாற்றினேன். எரிகிற மாதிரியே எரிந்தன.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டு, பேச்சியம்மா எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

கோப்பையை வைத்தது கிளறன்ஸின் விளக்குக்கு நேர் முன்னால், விளக்குக்கும் புத்தகத்துக்கும் நடுவில். வைத்த உடனே அந்த விளக்கு பளிச்சென்று கூடி எரிந்தது. நான் கோப்பையை எடுத்தேன், மங்கியது. வைத்தேன், கூடியது. எடுத்துத் தள்ளி வைத்தேன், மறுபடி மங்கியது.

"மிஸ்ஸுக்கு விளையாட்டு" என்றார் கிளறன்ஸ்.

கோப்பை கண்ணை மறைக்கிறது. கண்ணுக்குப் புத்தகம் தெரியவில்லை, அதனால் வெளிச்சம் போதாது, போதாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. விளக்கும் நம்பிக் கூட்டிக் கூட்டி, கடைசி மட்டத்துக்குப் போய் நிற்கிறது. அந்த மட்டத்தில் பெட்டரி இரண்டு மணித்தியாலம்தான் தாங்கும்.

பேச்சியம்மாவின் விளக்கை என் பக்கம் திருப்பினேன். அடித்தட்டின் நடுவில், அந்தக் குழிக்குள், அச்சில் வார்த்ததுபோலச் சந்தனம் நிரம்பிக் காய்ந்திருந்தது. அதன் மேல் ஒரு குங்குமப் புள்ளி.

வந்து கால் மணித்தியாலமாக நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், அம்மாவின் தையல் மெசினில், உமாசுதனின் வான் வண்டியில், எல்லாவற்றிலும் இருப்பதுதானே. பார்த்துப் பழகியது கண்ணில் படவில்லை.

"அக்கா, இந்தப் பொட்டு எப்ப வச்சது?"

"வந்த அன்னிக்கே. புதுச் சாமான் வந்தா சாமிகிட்ட வச்சு, பொட்டு வச்சுத்தானே எடுப்போம். இதுல வைக்கிறதுக்கு எடங்கூட அளவாப் பண்ணியிருக்காங்களேன்னு நெனச்சேன்."

அப்படித்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் வழுக்கும் பிளாஸ்டிக், பொட்டு நிற்காது. குழியில் வைத்தால் அசையாமல் நிற்கும்.

"இதை எடுத்துட்டு வேற இடத்தில வைக்கலாமோ? உங்களுக்கு மனசுக்கு ஒண்டும் இல்லையெண்டால் மட்டும்."

"அதுக்கென்ன, எங்க வச்சாலும் சாமிக்குத் தெரியாதா." ஈரத்துணியால் அவரே துடைத்தார். விளக்கு உடனே மங்கி, பக்கத்தில் இருந்ததற்குச் சமமாக நின்றது. பிறகு அதன் கழுத்தடியில் சுரசுரப்பான இடமாகப் பார்த்துப் புதிய பொட்டு வைத்தார்.

"அப்ப நித்திர இல்ல போல" என்றார் கிளறன்ஸ்.

"ஒங்க வாய்க்கும் ஒரு பொட்டு வைக்கணும்."

இன்னொன்று எனக்கு இடித்தது. "அக்கா, இந்த விளக்கைத் திருப்பி அனுப்புறதெண்டால் பொட்டோட அனுப்புவீங்களோ?"

"அது எப்படி? பொட்டு வச்சதைத் தொடச்சுச் சுத்தமாக்கித்தான் அடுத்தவங்க கையில குடுக்கணும்."

அதனால்தான் எங்கள் மேசைக்கு வந்த ஒன்பதும் எட்டு மணித்தியாலம் எரிந்தன. பிழை வீட்டிலேயே துடைபட்டுப் போயிருந்தது.

சனிக்கிழமை முழுக்க, முறைப்பாடு செய்தவர்களுக்குப் போன் எடுத்தேன். குழியில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். முப்பத்தொரு பேரில் ஐந்து பேர் போன் எடுக்கவில்லை. இருபத்து நான்கு பேர் பொட்டு வைத்திருந்தார்கள், அல்லது திருப்பி அனுப்பும்வரை வைத்திருந்தார்கள். வெள்ளவத்தையில் முறைப்பாடு கூடியது கடற்காற்றால் அல்ல, பொட்டு வைக்கும் வீடுகள் அங்கே கூட இருப்பதால். இராமலெட்சுமி என்ற ஒருவர் எப்போதும் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை விளக்குக்கு முன்னால் வைத்துத்தான் வாசிப்பாராம். இன்னொருவருடையது உண்மையாகவே பழுது. விளக்கு கையில் இருந்தவர்களிடம், துடைத்துவிட்டு எரித்துப் பாருங்கள் என்றேன். ஞாயிறு பின்னேரம் பேச்சியம்மா போன் எடுத்தார். வெள்ளியும் சனியுமாக ஏழு மணித்தியாலம் வாசித்தும் விளக்கு நிற்கவில்லை, வைத்தியர் ஏன் கொன்றார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை என்றார். நட்சத்திரத்தை நான்காக்கியிருந்தார். கிளறன்ஸுக்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டாராம்.

திங்கட்கிழமை காலை உமாசுதன் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, நெற்றியைத் தடவினார்.

"அப்ப என்ன, பொட்டு வைக்காதேங்கோ எண்டு பெட்டியில அடிக்கப் போறீரோ? வெள்ளவத்தையில இருந்துகொண்டு?"

"வைக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை அண்ணை. எங்க வைக்கிறதெண்டு சொல்லுவம்."

நான் எழுதி வைத்திருந்த அட்டையை நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஐந்நூறு அடியும். தட்டு இருக்கட்டும்."

களைப்பில் எனக்குச் சந்தோசப்படக்கூடத் தோன்றவில்லை. அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும், நாவலின் முதல் பக்கத்துக்குள், உள்ளங்கை அளவில் அந்த அட்டை போகிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்: "விளக்கின் முன்பக்கம் நடுவில் இருக்கும் சிறிய குழி விளக்கின் கண். அதன் முன்னால் எதையும் வைக்க வேண்டாம். பொட்டு வைப்பதானால் கழுத்தடியில் வையுங்கள். குழியில் ஏற்கெனவே வைத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். எட்டு மணித்தியாலம் எரியும்."