பாப்பம்மாள் கோடு

ஒரகடத்துக்கு மேற்கே உள்ள ஏரிக்கரை ஊரில் பாப்பம்மாள் இறந்த அன்று, அவளுடைய பாடை தரையை விட்டு எழவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, வைகாசி மாதம். கத்திரி வெயிலில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வேர்க்கடலைக்கு விலை இல்லை. குவாரியில் பிளந்த ஒரு பாறைக்குள்ளிருந்து தேரை ஒன்று உயிரோடு வெளியே வந்து நிழல் தேடிப் போனது. பாப்பம்மாள் ஒல்லியான பெண். தண்ணீர் சேந்தும்போது கயிறு அவளை உள்ளே இழுத்துவிடும் என்று கிணற்றடியில் கேலி பேசுவார்கள். அவளைக் கிடத்திய பச்சை மூங்கிலுக்கு நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். மூங்கில் வில்லாக வளைந்தது, பாடை அசையவில்லை. மூலைக்கு இரண்டு பேராக நின்று பார்த்தார்கள். குவாரியில் பாறை புரட்டுகிற தசரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்தான். முகம் கறுத்து மூக்கில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். வண்டி மாடுகளைப் பூட்டிக் கயிறு போட்டு இழுத்தார்கள். மாடுகள் முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டன.

புருஷன் சின்னப்பையன் கையில் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் புகையில் கண் எரிந்தது. திரும்பிப் பார்ப்பது முறையல்ல என்பதால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னப்பையன் ஒரு வார்ப்படக் கம்பெனியில் இரும்பு ஊற்றுகிறவன். விடியும் முன் சைக்கிளை மிதித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலைப் பிடித்தால், ஊர் விளக்கணைத்த பிறகு திரும்பி வருவான். ஓ.டி. என்று கூப்பிட்டால் மாட்டேன் என்று அவன் சொன்னதில்லை. யார் வாசலிலும் போய் நிற்கக்கூடாது, யாரும் நம் வாசலில் வந்து நிற்கவும் கூடாது என்பது அவன் கட்டிய சட்டம். அவனுடைய அப்பன் எல்லார் வாசலிலும் கையேந்தி நின்று செத்தவன். அந்தச் சூடு மகனுக்கு ஆறவில்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வீட்டுக்கு ஒரு தோள் போக வேண்டும். போகாத வீட்டின் சாவுக்கு யாரும் வரமாட்டார்கள். சின்னப்பையன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். நிலமும் இல்லாமல் வீடும் இல்லாமல் கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்த நடேசனைத் தனக்குப் பதிலாக அனுப்பினான். தோள் என்றால் தோள்தானே என்று ஊரும் ஒப்புக்கொண்டது. அப்படியே வருஷங்கள் போயின. ஊரில் யார் செத்தாலும் சின்னப்பையன் வீட்டுத் தோளாக நடேசன் போனான்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் பிறந்த பெண் குழந்தை பெயர் வைக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டது. அன்று கம்பெனியில் இரும்பு உலை காய்ந்துகொண்டிருந்தது. லைனை விட்டு நகர்ந்தால் சூப்பர்வைசர் பெயரை அடித்துவிடுவான் என்று சின்னப்பையன் ஷிப்டுக்குப் போய்விட்டான். குழந்தையைத் துணியில் சுற்றி ஏரிக்கரைக்கு ஏந்திப் போனதும் நடேசன்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தொட்டில் ஆடவில்லை. பாப்பம்மாள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாததால் ஒன்றும் இல்லை என்று சின்னப்பையன் எடுத்துக்கொண்டான். வீட்டுக்குச் சிமெண்டு ஓடு போட்டான். இரும்புக் கட்டில் வாங்கினான். எல்லாம் அவளுக்காகத்தான் என்று ரயிலில் போகும்போது நினைத்துக்கொள்வான். நினைத்ததை அவளிடம் சொல்ல அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

அந்த மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. நாடே அடைத்துக்கொண்டது. பஸ் இல்லை, ரயில் இல்லை, கம்பெனி கேட்டுக்குப் பூட்டு. போலீஸ் ஜீப் வயல்வரப்பு வரைக்கும் வந்து யார் நீ, உன்னைத் தெரிந்தவன் யார் என்று கேட்டுப் போனது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சின்னப்பையன் பகலில் வீட்டில் இருந்தான். இருக்கத் தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்தான், எழுந்தான், சைக்கிளைத் துடைத்தான்.

"நீங்க பகல்ல வூட்ல கீறது எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றாள் பாப்பம்மாள்.

"ஏன், வேத்தாளா நானு?"

அவள் அகப்பையைக் கழுவி வைத்தாள். கொல்லைப் பக்கம் பானை நிறைய கூழ் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்க நினைத்தபோது, படலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தலை நீட்டினாள். இவனைப் பார்த்ததும் "ஐயய்யோ, ஆளு வூட்ல கீதே!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே போனாள். எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது.

"யாரு அது?"

"வழி தெரியாம வந்தவங்க" என்று பாப்பம்மாள் பானையை மூடினாள்.

மறுநாள் காலை அவளுக்கு நெஞ்சை அடைத்தது. பஸ் ஓடாததால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அவளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில் அவள் தலை அவன் முதுகில் சாய்ந்தது. "சரி, நிறுத்துங்க, போதும்" என்றாள். தண்ணீர் கேட்கிறாளோ என்று நினைத்து நிறுத்தினான். அவ்வளவுதான். அவளுடைய அண்ணன் தம்பிகள் மதுராந்தகம் பக்கம். செய்தி சொல்ல வண்டியும் இல்லை, வர வழியும் இல்லை. அந்த வெயிலில் உடம்பைப் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் நாய்க்கும் ஈக்கும்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்படித்தான் பாடை எழாமல் கிடந்தது.

சாவுக் காரியங்களை நடத்தி வைக்கிற இராமச்சந்திரன் நடுத்தெருவில் குடையை ஊன்றி நின்று யோசித்தார். அப்போது நடேசன் வந்தான். வழக்கம்போலக் குடித்திருந்தான், ஆனால் வழக்கத்துக்கு மாறாக அழுதுகொண்டு வந்தான். யாரையும் கேட்காமல் தலைமாட்டு வலது மூலைக்குக் கீழே தோளைக் கொடுத்தான். அந்த மூலை மட்டும் வெறும் கூடையைத் தூக்கினதுபோல எழுந்தது. மற்ற மூன்றும் தரையிலேயே இருந்தன. ஜனங்கள் கொஞ்சம் பின்வாங்கி நின்றார்கள்.

"யோவ், நீ மட்டும் எப்படிய்யா தூக்கினே?" என்றான் தசரதன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"ஒவ்வொரு சாவுக்கும் போய்ட்டு வந்தா, அண்ணி தலைக்குத் தண்ணி ஊத்தி சோறு போடும்பா. 'இன்னிக்கு யாரு, நல்லா போய்ச் சேந்தாங்களா'ன்னு கேக்கும். என்னிய வேற எவன் கேட்டான்? அண்ணிக்கு வேண்டியவன்தான் அண்ணியத் தூக்க முடியும். நீ கல்லு பொரட்டினா இன்னா, மலை பொரட்டினா இன்னா."

இராமச்சந்திரன் சின்னப்பையன் பக்கம் திரும்பினார். "உம் பொண்டாட்டிக்கு வேண்டியவங்க யார்ரா? சொல்லு, கூப்புடலாம்."

சின்னப்பையன் யோசித்தான். கூழ்ப்பானை நினைவுக்கு வந்தது. மூடிய படல் நினைவுக்கு வந்தது. ஒரு பெயரும் வரவில்லை.

"அவளுக்கு என்னைத்தான் தெரியும்" என்றான்.

படலைத் திறந்த பெண் கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றிருந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பிளாட்பாரத்தில் வறுத்த கடலை விற்கிற கங்கா. சின்னப்பையன் தினமும் அவள் கூடையைத் தாண்டித்தான் ரயில் ஏறினான். ஒருநாளும் முகத்தைப் பார்த்ததில்லை. மழைக்கு அவள் குடிசை விழுந்த வருஷத்திலிருந்து அவள் கடலை வறுத்ததெல்லாம் பாப்பம்மாளின் அடுப்பில்தான். அவளுக்குப் பின்னால் செல்லம்மாள் நின்றாள், ஏரிக்கு அந்தப்பக்கம் மாதா கோயில் இருக்கிற வேதக்கார ஊர்க்காரி. குவாரியில் ஜல்லி உடைக்க வரும்போது கைக்குழந்தையைப் பாப்பம்மாளிடம் விட்டுப் போவாள். பெயரில்லாத குழந்தை இறந்த அந்த வாரத்தில் பாப்பம்மாளுக்குப் பால் கட்டி நெருப்பாகக் கொதித்தபோது, அந்தப் பாலைக் குடித்தது செல்லம்மாளின் மகன். இப்படி அந்த வீடு பகலெல்லாம் ஆட்களால் நிறைந்திருந்தது. சாயங்காலம் பாப்பம்மாள் எல்லாவற்றையும் பெருக்கி, சாணம் தெளித்து, யாருமே வராத வீடாக்கிப் புருஷனுக்குக் கொடுத்தாள்.

கங்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாடைப் பக்கம் வந்தாள்.

"பொம்பள சுடுகாட்டுக்கு வர்றதா? எந்த ஊருப் பழக்கம் இது?" என்றார் இராமச்சந்திரன்.

"நீ தூக்கிக் காட்டு பெரியவரே. நாங்க வூட்டுக்குப் போயிட்றோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்து, சாவு வீடு என்பது நினைவு வந்து இருமினார்கள். இராமச்சந்திரன் குடையை விரித்துக்கொண்டு ஒதுங்கினார். கங்கா குனிந்தாள், தலைமாட்டு இடது மூலை எழுந்தது. செல்லம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு "வாக்கா, போலாம்" என்று சொல்லிக் கால்மாட்டு வலது மூலையைத் தூக்கினாள். அதுவும் எழுந்தது. மிச்சம் ஒரு மூலை.

புருஷன் கொள்ளிச் சட்டி ஏந்துகிறவன், பாடை தூக்குகிறவன் அல்ல. ஆனால் அன்று முறை பார்க்க நேரமில்லை, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னப்பையன் சட்டியைத் தசரதன் கையில் கொடுத்துவிட்டு வந்தான். இரும்புக் குழம்பு நிறைந்த சட்டியை ஆயுசெல்லாம் சுமந்து காய்த்துப்போன தோள் அது. எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. பெண்கள் பாடையைச் சமன் செய்துகொண்டு தயாராக நின்றார்கள். சின்னப்பையன் தோளைக் கொடுத்து எழுந்தான்.

மூலை எழவில்லை.

காலை அகட்டி ஊன்றிக்கொண்டு மறுபடி எழுந்தான். தோளில் மூங்கில் தோலைக் கிழித்தது, மூங்கிலுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளிகூட வரவில்லை. "பாப்பு" என்றான். ஊரில் யாரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயராக இருக்கும். மூன்றாவது முறை முயன்றபோது தசரதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பெண்களும் அவனைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தார்கள். பார்க்கிறவர்களுக்கே தாங்கவில்லை.

"உடு அண்ணே" என்றான் நடேசன், மெதுவாக. "இழுத்துக்கினே போயிடலாம். நேரமாவுது."

அப்படியே போனார்கள். மூன்று மூலை தோளில், ஒரு மூலை மண்ணில். சின்னப்பையன் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே பின்னால் நடந்தான். தூக்குகிறவனாக இல்லை, பிடித்துக்கொண்டு வருகிறவனாக. மூங்கில் நுனி தெருவைக் கீறிற்று, வரப்பைக் கீறிற்று, காய்ந்த ஏரியைக் கீறிற்று. வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரைக்கும் ஒரு கோடு விழுந்தது.

அந்தக் கோடு அழியவில்லை. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தது. தண்ணீருக்கடியிலும் கோடு தெரிந்தது, மீன்கள் அதைத் தாண்டும்போது கொஞ்சம் தயங்கிப் போயின. உழும்போது ஏர்க்கொழு அங்கே வந்ததும் ஒரு துள்ளு துள்ளி அப்பால் இறங்கியது. சின்னப்பையன் ஓ.டி.யை விட்டான், கொஞ்ச வருஷத்தில் கம்பெனி அவனை விட்டது. அதற்குப் பிறகு ஊரில் எந்தச் சாவுக்கும் அவனே போனான். முதலில் பல பாடைகள் அவன் தோளுக்கு எழவில்லை. அவனும் வெட்கப்படாமல் நகர்ந்து அடுத்தவனுக்கு இடம் விட்டான். மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, செத்தவர் எதைச் சாப்பிடுவார், யாரைத் திட்டுவார் என்று கேட்டுக்கொண்டிருப்பான். செத்த பிறகு தெரிந்துகொண்டு என்ன பிரயோசனம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு உயிரோடிருப்பவர்களிடமும் கேட்கத் தொடங்கினான். கொல்லைப் படலைக் கழற்றி அடுப்பெரித்தான். நடேசன் ஈரல் கெட்டுச் செத்தபோது சின்னப்பையன் பிடித்த மூலை முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. செல்லம்மாள் போனபோது இடுப்பு உயரம். அதற்கு மேல் எழுந்ததாக ஊரில் யாரும் சொல்லவில்லை.

வயல்களை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டை வந்தது. சுடுகாட்டின் பக்கமாக அகலமான ரோடு போட்டார்கள். கோடு விழுந்த இடத்தில் தார் பிளந்தது. திரும்பப் போட்டார்கள், திரும்பப் பிளந்தது. மண்ணில் கோளாறு என்று எழுதிவிட்டுப் போனார்கள். கம்பெனி பஸ்கள் அந்த இடத்தில் ஒரு குலுங்கு குலுங்கும். ஷிப்டு முடிந்து தூங்குகிற பையன்கள் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவார்கள். தெற்கத்திப் பையன் மோகன், சின்னப்பையன் வீட்டில் வாடகைக்கு இருந்தவன், முதல் நாள் டிரைவரிடம் கேட்டான்: "என்னண்ணே, ஸ்பீடு பிரேக்கரா?"

"பாப்பம்மா கோடுப்பா" என்றார் டிரைவர், கியரை மாற்றிக்கொண்டே.

சின்னப்பையன் இறந்தது ஒரு பகல் வேளையில். அவன் காய்ச்சி வைத்த கூழ் அடுப்பில் இருந்தது. மோகன் லீவு சொல்லிவிட்டு வந்து ஒரு மூலையைப் பிடித்தான், எழுந்தது. கிழவனாகிவிட்ட தசரதன் பிடித்தது எழுந்தது. கங்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவள் பிடித்ததும் எழுந்தது. நான்காவது மூலைக்கு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எழவில்லை. அது முன்னால் போய்விட்ட ஒருத்தியின் மூலை என்று எல்லாருக்கும் தெரிந்ததால் அதிகம் முயலவில்லை. இழுத்துக்கொண்டே போனார்கள். மூங்கில் நுனி வாசலிலேயே பழைய கோட்டில் போய் உட்கார்ந்து, அதை விட்டு விலகாமல் சுடுகாடு வரைக்கும் வந்தது. புதிதாக ஒரு கீறலும் விழவில்லை. ரோட்டைக் கடக்கும்போது இரண்டாம் ஷிப்டு பஸ்கள் வரிசையாக நின்றன, டிரைவர்கள் என்ஜினை அணைத்தார்கள். பாடை போன பிறகு பஸ்கள் ஒவ்வொன்றாகக் கோட்டின் மேல் குலுங்கிக்கொண்டு போயின.