புகையை அணைத்த சாயத்தண்ணி

அன்று காலை பிள்ளைக்காம்பராவின் வாசலில் யாரோ வேப்பங்கொத்தைச் செருகியிருந்தார்கள். மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பார்த்துக்கொள்கிறவள் நான், கம்சலா. வேப்பங்கொத்து இருந்தால் உள்ளே நோய் இருக்கிறது, யாரும் நுழையக்கூடாது என்று எங்கள் தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் அர்த்தம். நோய் என்று அவர்கள் சொன்னது என் கண்களைத்தான்.

மழை விட்டதிலிருந்து இரண்டு கண்ணும் சிவந்து, அரித்து, நீராய் வடிந்தன. கசக்கக் கசக்க அரிப்பு கூடியதே தவிர குறையவில்லை. கண்நோவு பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று, தன் மகனை என்னிடம் விட்டுப்போகும் பெரியாயி அக்கா தினமும் காலையில் காம்பராவுக்குள் சாம்பிராணிச் சட்டியில் வேப்பிலையும் போட்டுப் புகைத்தாள். அந்தப் புகையில் என் கண் மிளகாய்த்தூள் பட்டதுபோல் எரியும். "பாத்தியா, கூடிக்கிட்டே போகுது" என்று இன்னொரு கைப்பிடி அள்ளிப் போடுவாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டியை ஆற்றில் வீசியிருப்பேன்.

பதுளையில் கண் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "அலர்ஜி. யாருக்கும் ஒட்டாது" என்றார். கண்ணைக் கசக்கக்கூடாது, தூசிக்கும் புகைக்கும் தள்ளி இருக்கவேண்டும், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் வைக்கவேண்டும் என்றார். சொட்டு மருந்தும் எழுதித் தந்தார். வந்து எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

இப்போது தோட்டத் தலைவர் வீரசிங்கம் வாசலை மறித்து நின்றார். பக்கத்தில் புகையும் சட்டியோடு பெரியாயி அக்கா. பின்னால், பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஓடவேண்டிய மற்றத் தாய்மார்.

"கண்ணு வெளுக்கிற வரைக்கும் வூட்டுல இரு தங்கச்சி. வேற ஆளப் போட்டுக்கிறோம்."

"வேற ஆள் வந்தா அப்புறம் எனக்கு எடமேது தலைவரே? நான் போகமாட்டேன்."

"ஒனக்கு வேலை பெருசு. எங்களுக்குப் புள்ளைங்க பெருசு," என்றாள் பெரியாயி அக்கா.

அது சுருக்கென்று தைத்தது. அவள் மகன் தினேஸுக்குச் சோறூட்டித் தூங்கவைக்கிறவள் நான்தான். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சட்டியை ஊதினாள். அவள் சேலைக்குள் முகம் புதைத்திருந்த தினேஸ் இருமிக்கொண்டு வெளியே வந்து, இரண்டு கைமுட்டியாலும் கண்ணைக் கசக்கினான். என் கண்ணைப் போலவே சிவந்திருந்தது.

அவள் அவனை இழுத்து மறைத்தாள். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பக்கத்தில் நின்றவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகினாள்.

"பெரியாயி, நீயும் புள்ளையக் கூட்டிக்கிட்டு வூட்டுக்குப் போ," என்றார் தலைவர்.

"ரெண்டு மாசமா இருக்குங்க," அவள் குரல் உடைந்தது. "சொன்னா காம்பராவுல சேக்க மாட்டாங்கன்னு சொல்லல. இவன் கண்ணு ஆறட்டும்னுதான் பொகை போட்டேன்."

அவன் கண் சிவப்பது இந்தப் புகையால் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உனக்கு நன்றாக வேண்டும் என்று நான் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. வேப்பங்கொத்தைப் பிடுங்கி எறிந்தேன்.

"யாரும் எங்கயும் போகல! ரெண்டு மாசமா ஒங்க புள்ளைங்களோட ஒரே பாயிலதான படுக்கிறான்? எவனுக்கு ஒட்டிச்சு? சொல்லுங்க!"

தாய்மார் தங்கள் பிள்ளைகளின் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார்கள்; ஒன்றும் சிவந்திருக்கவில்லை. தலைவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நாளைக்கு இவன பதுளைக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க. இன்னைக்கி என்கிட்ட விடுங்க. ஆனா மொதல்ல அந்தப் பொகைய அணைங்க."

அவள் சட்டியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு மலையில் குடிக்க வைத்திருந்த சாயத்தண்ணிப் போத்தலை, பாலில்லாத அந்த வெறுந்தேநீரை, திறந்து, முழுவதையும் கனலில் ஊற்றினாள். சுர்ரென்று அணைந்தது.

நான் தலைவரைத் தாண்டிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"பெரட்டுக்கு நேரமாச்சு," என்றேன். "புள்ளைங்களக் குடுங்க."