கச்சானைவிடக் கொண்டல் ஏன் மட்டம் என்றால்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக இருந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு சிறுபத்திரிகை என்னிடம் எண்ணூறு சொற்களில் மதிப்புரை கேட்டது. தூத்துக்குடியின் மூத்த ராக் பாடகர் ஒருவர் அறுபத்து மூன்று வயதில் புது ஆல்பம் வெளியிடுகிறார். அதை அவருடைய பழைய தனி ஆல்பங்களோடு ஒப்பிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆசிரியர் முதல் தடவை போன் செய்தபோது காய்ச்சல் என்றேன். இரண்டாம் தடவை கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாம் தடவை அவரே, "இந்தத் தடவை யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டுவிட்டார்.

எழுத முடியாததற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. தைரியம் வந்தால் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு, மதிப்புரை எழுத வராதவன் செய்கிற வேலையைச் செய்யப்போகிறேன். அந்தச் சுமையை ஒரு கதாபாத்திரத்தின் தலையில் கட்டிவிட்டு, அவன் முழிப்பதை நாம் வேடிக்கை பார்க்கலாம்.

2

துறைமுகத்தின் மேல் சூரியன் செந்நிறமாக

(வேண்டாம். தூத்துக்குடியில் சூரியன் தினமும் உதிக்கிறது. அதில் செய்தி ஒன்றும் இல்லை.)

சிவபாலனுக்கு இசைதான் உயிர், அவன் மூச்சுக்காற்றே

(இதுவும் வேண்டாம். அப்படியென்றால் அவனுக்கு ஏன் ஒரு ஜால்ராகூடத் தட்டத் தெரியாது என்று கேட்பீர்கள்.)

நேராகவே வருகிறேன். சிவபாலனுக்கு ஐம்பது வயது. வ.உ.சி. துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் வேலை. கப்பல்காரன் கொடுத்த காகிதத்தையும் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக இதே பிழைப்பு. யாராவது ஜெராக்ஸ் காகிதத்தை நீட்டினால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். "ஒரிஜினல் எங்க?" என்பான். கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பிய மச்சினனிடமும் அப்படிக் கேட்டவன் என்று அவன் மனைவி இந்துமதி சொல்வாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அவன் இசை விமர்சகன். இந்த இருபத்து நாலு வருடத்தில் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான். அந்த ஒரே ஆள் திரேஸ்புரம் செபாஸ்டின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூசையில் கிட்டார் சத்தத்தைக் கூட்டி வைத்ததற்காக மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து அனுப்பப்பட்டவர். பிறகு சொந்தமாக ஒரு பேண்ட் தொடங்கி, அதுவும் உடைந்து, தனியாக மூன்று ஆல்பம் போட்டார். கச்சான், 2001. வாடை, 2009. இப்போது கொண்டல்.*

* மூன்றும் காற்றின் பெயர்கள். கச்சான் மேற்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து. தெற்குக்கும் ஒரு காற்று பாக்கி இருக்கிறது. அது அவர் தொண்டையின் கையில் இருக்கிறது.

கச்சானைப் பற்றி மட்டும் சிவபாலன் பதினாலு கட்டுரை எழுதியிருக்கிறான். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான், அந்த அடிக்குரல். "கடலடிப் பாரில் கிடக்கும் முத்துச்சிப்பி வாய் திறப்பதுபோல் மெல்ல, ஆழத்திலிருந்து எழுகிறது செபாஸ்டினின் குரல்" என்று ஒரு வரி. (வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சிவபாலன் எழுதியது, நான் எழுதியது இல்லை. கதாபாத்திரம் வைத்துக்கொள்வதில் இது ஒரு வசதி.) ஊரும் அதைத்தான் சொன்னது. டீக்கடையிலும் லாரியிலும் காலேஜ் ஹாஸ்டலிலும் செபாஸ்டின் என்றால் அந்தக் கனத்த, நிதானமான குரல்தான்.

கொண்டலில் அந்தக் குரல் இல்லை. மெல்லிசாக, உச்சத்தில், அவசரமாக ஒரு குரல் பாடுகிறது. பத்திரிகைக்கு முன்கூட்டியே வந்த பிரதியைச் சிவபாலன் இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் தடவை கேட்கத் தேவையில்லை என்று முடிவு செய்து மதிப்புரையை எழுதினான். தலைப்பு: 'கச்சானைவிடக் கொண்டல் ஏன் மட்டம்?' முதல் வரி: "செபாஸ்டினின் குரல் போய்விட்டது." வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை பத்திரிகை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஆல்பம் வெளியீடு, மேடையில் செபாஸ்டின் பாடுகிறார்.

3

இந்துமதி மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. புருஷன் எழுதுவதைக் கிண்டல் செய்கிற மனைவி என்பது கதைக்கடையில் ரெடிமேடாகத் தொங்குகிற சரக்கு. இரண்டு தடவை அவள் வருகிற வரிகளை அடித்துவிட்டுப் பார்த்தேன். ஆனால் இந்த இடத்தில் ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிவபாலனுக்கோ சிநேகிதர்கள் இல்லை. விமர்சகனுக்கு எப்படி இருப்பார்கள்?

"நல்லாத்தான இருக்கு," என்றாள் இந்துமதி, கொண்டலைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தபடி. "வார்த்தையாவது புரியுது. கச்சான்ல அந்த மனுசன் என்ன பாடுதாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. பாதியில தூக்கம்லா வரும்."

"ஒனக்குக் கேக்கத் தெரியல."

"சரி. உங்க காது படிச்ச காது, எங்காது சும்மாக் காது. எழுதுமுன்ன அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? திரேஸ்புரம் என்ன சிங்கப்பூர்லயா இருக்கு?"

கலைஞனைச் சந்திக்காமல் எழுதுவதுதான் விமர்சகனுக்கு அழகு என்றான் சிவபாலன். நல்ல கொள்கைதான். வியாழக்கிழமை காலையில் செபாஸ்டினே போன் செய்யும் வரைக்கும் அது தாங்கியது.

"ஏலே சிவபாலா, மதிப்புரை எழுதுதியாமே. எழுதி அனுப்புமுன்ன இங்கன ஒரு எட்டு வந்துட்டுப் போ."

4

செபாஸ்டின் வீட்டின் முன்னறையில் ஆம்ப்ளிஃபயருக்கு உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைத்திருந்தது. (அறையை இன்னும் வர்ணிக்கலாம். சுவரில் மாதா படமும் கிரேன் படமும் இருந்தன. போதும்.) அவர் காபி கொடுத்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். அட்டையில் கச்சான் என்று அச்சடித்திருந்தது.

"ஒரிஜினல்," என்றார். "எம்மவ ஸ்டெபி பரண்ல இருந்து எடுத்தா. பிளேயரையும் அவளே சரி பண்ணிக் குடுத்துட்டா."

பட்டனை அழுத்தினார். முதல் பாட்டு 'நங்கூரம்'. சிவபாலனுக்கு ஒவ்வொரு தாளமும் மனப்பாடம். ஆனால் பாடியவர் வேறு யாரோ. மெல்லிசாக, உச்சத்தில், அவசரமாக ஒரு குரல். கொண்டலில் பாடுகிற அதே குரல்.

"அண்ணாச்சி, பிளேயர் ஓட்டமா ஓடுது. மோட்டாரு கோளாறு."

செபாஸ்டின் சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து அதே பாட்டை அதோடு சேர்ந்து ஊதினார். சுருதி இம்மி பிசகவில்லை.

"இதுல மோட்டாரும் கெடையாது, பேட்டரியும் கெடையாது," என்றார். "நீ எதுல கேட்ட, அதச் சொல்லு."

5

சிவபாலன் எதில் கேட்டான் என்பதை நான் சொல்கிறேன்.

2001. தடைக்காலம் என்ற ஒன்று புதிதாக வந்திருந்த நேரம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளையெல்லாம் நாற்பத்தைந்து நாள் கரையில் கட்டிப்போட்டிருந்தார்கள். கச்சானைப் போட்ட கேசட் கம்பெனி செபாஸ்டின் கையில் பத்துக் கேசட்டைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டது. ஒன்பது சொந்தக்காரர்களுக்குப் போயின. அவர்கள் வேதப்பாட்டு என்று நினைத்துப் போட்டு, இல்லை என்று தெரிந்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பத்தாவதை, ஒரு நாளைக்கு மட்டும் என்று சொல்லி, இருபத்தாறு வயது சிவபாலன் இரவல் வாங்கினான்.

நகலெடுக்க இரண்டு டேப் ரிக்கார்டர் வேண்டும். அவனிடம் ஒன்றுதான் இருந்தது. செபாஸ்டினின் மச்சான் படகில் இன்னொன்று இருந்தது, கடலில் பாட்டுக் கேட்பதற்காகப் படகு பேட்டரியில் மாட்டியது. சிவபாலன் தன் டேப்புக்கு நாலு புது பேட்டரிக்கட்டை வாங்கிப் போட்டான். ஒரு ஒயரைக் கோத்தான். படகு டேப்பில் ஒரிஜினலை ஓடவிட்டுத் தன் டேப்பில் நகலெடுத்தான். ஒரிஜினலை அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான், வேறு எதிலும் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் படகின் எஞ்சின் ஓடி நாற்பது நாள் ஆகியிருந்தது. எஞ்சின் ஓடாமல் பேட்டரி எப்படிச் சார்ஜ் ஏறும்? செத்துக்கொண்டிருந்த பேட்டரியில் டேப் முக்கி முனகிச் சுற்றியது. பாட்டு இழுத்தது, குரல் தடித்தது. அதற்கு முன்னால் ராக் பாட்டே கேட்டிராத சிவபாலன், ராக் என்றால் இப்படித்தான் போல என்று மயங்கி உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு நகலிலிருந்துதான் ஊரிலுள்ள அத்தனை நகலும் வந்தன.

வாழ்நாள் முழுக்க எல்லாரிடமும் ஒரிஜினல் கேட்டவன், தன் பதினாலு கட்டுரைக்கும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முத்துச்சிப்பி வாய் திறந்தது என்று எழுதினானே, அது படகு பேட்டரி.

6

"எனக்கு அப்பமே தெரியும்லே," என்றார் செபாஸ்டின். "தடைக்காலம் முடிஞ்ச மறுவாரம் டீக்கடையில பாட்டு ஓடுது. 'யாருடே பாடுதான், பிரமாதமா இருக்கே'ன்னு கேட்டேன். 'நம்ம செபாஸ்டின்லா'ன்னான்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா."

"எப்படிச் சொல்லுவேன்? ஊரே தூக்கி வச்சு ஆடுது. நீ வேற அடிக்குரல் அடிக்குரல்னு எழுதித் தள்ளுத. சரி, ஊரு கேட்ட குரல்லயே பாடிருவோம்னு நெஞ்ச அமுக்கி, தொண்டைய அமுக்கிப் பாடினேன். வாடை பூரா அப்படிப் பாடுனதுதான்."

வாடைக்கு சிவபாலன் எழுதிய மதிப்புரையின் தலைப்பு 'முதிர்ச்சி'.

"போன வருசம் தொண்டையில கட்டி. எடுத்தாச்சு. இனி அந்தக் குரல்ல பாடினா பேச்சே நின்னுரும்னுட்டாரு டாக்டரு. அதான் கொண்டல்ல எங்குரல்லயே பாடிட்டேன். அறுவத்தி மூணு வயசுல." காபி டம்ளரை நகர்த்தி வைத்தார். "நீ குரல் போச்சுன்னு எழுதினியன்னா, ஞாயித்துக்கெழம மேடையில ஊரு பழைய குரலக் கேக்கும். கேட்டா நான் பாடிருவேன். என்னைய எனக்குத் தெரியும். அதனால ஒரு வரி எழுது. இதுதான் இவன் குரலு, நாம கேட்டது இவனையே இல்லன்னு. வேற எவன் எழுதினாலும் ஊரு நம்பாது. நீதான அந்தக் குரல உண்டாக்கினவன்."

சிவபாலனுக்கு அழுகை வந்தது. அவமானத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் அழுகைதான். அவன் தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பதினாலு கட்டுரைகளை மட்டும்தான்.

கிளம்பும்போது செபாஸ்டின் வாசலில் வைத்துக் கேட்டார். "உள்ளதச் சொல்லணும். எது நல்லாருக்குலே, ஒரிஜினலா, நகலா?"

சிவபாலன் பொய் சொல்லவில்லை. "நகல்தான், அண்ணாச்சி."

"எனக்கும் அதாம்லே," என்றார். "ஆனா அது நான் இல்ல."

7

இனி முடிவு. கையில் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவு. சிவபாலன் உண்மையை எழுதுகிறான். ஊர் திருந்துகிறது. ஞாயிற்றுக்கிழமை செபாஸ்டின் தன் குரலில் பாடுகிறார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது, இந்துமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்

(இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது. எந்த ஊர் அப்படித் திருந்தியிருக்கிறது?)

இரண்டாம் முடிவு. எழுதி வைத்ததை அப்படியே அனுப்புகிறான். விமர்சகனின் சுதந்திரம் காப்பாற்றப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையிலிருந்து யாரோ, "அண்ணாச்சி, பழைய குரல்ல ஒண்ணு பாடுங்க," என்று கத்துகிறான். செபாஸ்டின் நெஞ்சை அமுக்கி

(இதை எழுத என்னால் முடியவில்லை. இதில் கொட்டாவி வரவில்லை.)

8

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சிவபாலன் பழைய தலைப்பை அழித்துவிட்டான். முதல் வரியையும் அழித்துவிட்டான். இந்துமதி காபியை வைத்துவிட்டுப் போனாள். ஆசிரியரின் போன் அடிக்கிறது. சிவபாலன் எடுக்கவில்லை.

என் போனும் அடிக்கிறது. என் ஆசிரியருக்கும் வெள்ளிக்கிழமைதான் கெடு.

காரணத்தைக் கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். சிவபாலனுக்கு ஆபீஸ் கொடுத்தேன், மனைவியைக் கொடுத்தேன், அசட்டுத்தனத்தைத் தாராளமாகக் கொடுத்தேன். அதெல்லாம் கற்பனை. ஆனால் ஓடாத படகையும், அந்த ஒயரையும், நாலு புது பேட்டரிக்கட்டையையும் எனக்குக் கற்பனை செய்யத் தெரியாது.

அவன் ஒரே ஒரு வரி டைப் செய்திருக்கிறான். அதை அனுப்புவதா அழிப்பதா என்று இரண்டு நாளாக அவனிடம் கேட்டுப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. என்னையும் கேட்டுப் பார்த்தேன். ஆகவே உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அந்த மனிதர் மேடை ஏறுவார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்த வரி இதுதான்:

அந்தக் கேசட்டை நகலெடுத்தவன் நான்.