சைரனை யாரும் நம்பவில்லை

கரியாலூர் பக்கத்து அருவியில் வெள்ள எச்சரிக்கை சைரன் ஒரே வாரத்தில் மூன்று முறை காரணமில்லாமல் அலறிவிட்டது. அதை வடிவமைத்த பொறியாளர் அருள்மொழி ஞாயிறு காலை கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தாள்.

எங்கே கோளாறு? ஒவ்வொன்றாகக் கழித்தாள். ஒயரில் இல்லை. புரோகிராமில் இல்லை. மிச்சம், ஒரு கிலோமீட்டர் மேலே ஓடையில் நீர்மட்டம் அளக்கும் சென்சார். வீணாக அலற வேண்டாமென்று சைரனை அணைத்துவிட்டு, டெக்னீஷியன் கலையரசனை வாக்கி டாக்கியோடு அனுப்பினாள்.

பதினொரு மணிக்கு அவன் குரல் வந்தது. "மேடம், பாறை இடுக்குல கிளை ஒண்ணு மாட்டிக்கினு இருந்துச்சி. தண்ணி தேங்கி சென்சார முட்டிருக்குது. எடுத்துட்டேன்."

அருள்மொழி மூச்சு விட்டாள். அடுத்த நிமிடமே அவன் கத்தினான். "எடுத்தும் தண்ணி ஏறுதுங்க! கலங்கலா வருது. மேல எங்கியோ மழ கொட்டிருக்குது!"

சைரனைப் போட்டாள். அருவியடியில் நாற்பது பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே நல்ல வெயில். ஒருவரும் அசையவில்லை.

காவலர் சின்னக்கண்ணு விசில் ஊதியபடி படியிறங்கினார். "வெளிய வாங்க!"

"இன்னா பெருசு, போன வாரமும் இப்டிதான் கத்திச்சி. இன்னா வந்துச்சி?" என்றான் தலையில் ஷாம்பு நுரையோடு நின்ற ஒருவன்.

வெள்ளம் கீழே வரப் பத்து நிமிடம் என்பது அவள் கணக்கு; சின்னக்கண்ணுவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். இரண்டு போய்விட்டது. சென்சார் சரி, சைரனும் சரி. ஆனால் ஆட்கள் தண்ணீரில் நிற்கிறார்கள். காலையிலிருந்து தப்பான இடத்தில் கோளாறு தேடியிருக்கிறாள். சத்தத்தை நம்பாதவர்கள் எதை நம்புவார்கள்?

டிக்கெட் கவுண்டரில் அறிவிப்பு மைக் இருந்தது. சைரனை நிறுத்திவிட்டு ஓடினாள். வாக்கி டாக்கியை மைக்கோடு ஒட்டிப் பிடித்தாள்.

"கலை, மேட்டுல ஏறிக்கோ. கண்ணுல படறத அப்படியே சொல்லு. நிறுத்தாத."

ஒலிபெருக்கியில் முதலில் அவன் மூச்சிரைப்பு கேட்டது. "செம்மண்ணா வருதுங்க... நான் நின்ன பாறை முழுகிடுச்சி... மரம் ஒண்ணு வேரோட போவுது... அய்யோ, ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க!"

ஷாம்பு நுரையோடு நின்றவன் பக்கத்திலிருந்த குழந்தையை வாரிக்கொண்டு ஓடினான். கூட்டம் படியில் முண்டியது. கடைசியாக நின்ற பெண்ணைச் சின்னக்கண்ணு கையைப் பிடித்து இழுத்தபோது, அருவி பழுப்பாக இரைந்து விழுந்து, கீழிருந்த கம்பித் தடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது.

"பத்து நிமிஷம்னீங்களேம்மா?" என்றார் சின்னக்கண்ணு, மேலே ஏறி வந்து.

"ஆறுதான் ஆச்சு." வாக்கி டாக்கியில் கரகரப்பு மட்டும். கலையரசனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, சட்டை கிழிந்து, காட்டுப் பாதையில் அவன் நடந்து வந்தான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

அந்த வாரமே சென்சாரை இன்னும் மேலே தள்ளி வைத்தார்கள். ஓடைக்கு எட்டாத மேட்டில் ஒரு கொட்டகையும் மைக்கும் வந்தன. அங்கே உட்கார்ந்து ஓடையைப் பார்த்துச் சொல்லும் வேலையைக் கலையரசனே கேட்டு வாங்கிக்கொண்டான்.