நிலாப் படிப்பு

என் மகள் ஷிபா நிலாவைப் பற்றிப் படிக்கப் போகிறாள் என்று காஜிமார் தெரு முழுக்கச் சொல்லி வைத்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலில் அந்த நோட்டீஸை ஒட்டியவர்களையும் கொஞ்சம் திட்டாமல் விட முடியாது. ‘நிலவியல் கற்போம், வாருங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே உருண்டையாக, சாம்பல் நிறத்தில் ஒரு படம். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மங்கிப்போன படம். நிலவு, இயல், நிலவியல். எனக்குத் தமிழ் நன்றாகவே வரும். அதை வேறு எப்படித்தான் பிரிப்பது?

அது பூமியின் படமாம். நிலத்தைப் பற்றிய இயலாம். பாறை, மண், நிலத்தடி நீர் எல்லாம் அதற்குள் வருமாம். இது எனக்கு விளங்குவதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது.

விஷயம் இதுதான். திருமங்கலம் போகிற வழியில் இருக்கும் ஒரு கல்லூரிக்கும் ஷிபா படிக்கிற பள்ளிக்கும் ஒரு கூட்டுத் திட்டம். அந்தக் கல்லூரியில் நிலவியலில் சேரப் பிள்ளைகளே வருவதில்லையாம். அதனால் பிளஸ் டூ பிள்ளைகளைச் சனிக்கிழமை தோறும் வேனில் அழைத்துப் போய்ப் பாடம் காட்டுவார்கள். பிடித்துப்போனவர்களுக்கு அங்கேயே சீட். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை இதைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாடே ராக்கெட் விட்டுக்கொண்டிருக்கிற காலத்தில் நிலாவைப் படிக்க ஆள் வரவில்லையா? முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன்.

என் மச்சான் முகமது யாசீன், அதாவது என் மனைவி அமீருன்னிசாவின் அண்ணன், ஏற்கெனவே வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் ஷிபாவுக்கு பி.காம். சீட் சொல்லி வைத்திருந்தார். கணக்குப் படித்தால் கடைக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஆகும் என்பது அவர் கட்சி. அவர் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் தட்டியதில்லை. அன்றைக்கு நான் தட்டினேன். நிலா என்றதும் அவரும் கொஞ்சம் யோசித்தார்.

“நிலான்னா சரி மாப்ள. அதுல ஒரு கவுரவம் இருக்கு. வேற ஏதாச்சும்னா பி.காம்.தான், சொல்லிட்டேன்” என்றார்.

ஷிபா இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்கும் ஒன்றும் சொல்கிற பிள்ளை இல்லை. சாப்பாடு எப்படி என்றால் “நல்லாருக்கு”. பரீட்சை எப்படி என்றால் “பரவால்ல”. மூன்றாவது கேள்வி கேட்டால் எழுந்து போய்விடுவாள். பெற்றவளுக்கே அவள் மனசில் இருப்பது தெரியாது, எனக்கு எங்கே தெரியப் போகிறது? அமைதியான பிள்ளை என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். எனக்கு மட்டும் சில நேரம், பூட்டிய கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

குழப்பம் சுத்தியலில் ஆரம்பித்தது. தெற்குமாசி வீதியில் எனக்கு இரும்புச்சாமான் கடை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிபா கடைக்கு வந்து, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் இருக்கிற சுத்தியல் வேண்டும் என்றாள். நிலாவுக்குச் சுத்தியல் எதற்கு என்று கேட்டேன். “தேவைப்படும் அத்தா” என்றாள். டெலஸ்கோப்பை நிற்கவைக்க மேடை கட்டுவார்களாக இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டு, இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஷூவெல்லாம் செம்மண்ணாக வந்தாள். பை நிறையக் கல். துவைக்கப் போட்ட துணியிலும் கல் கிடந்தது என்று அமீருன்னிசா சத்தம் போட்டாள். நிலாவிலிருந்து மனிதன் கல்தான் கொண்டுவந்தான், மாதிரிக்கு இந்தக் கல்லை வைத்துப் பழக்குகிறார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். எனக்கே அது சரியாகப் படவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன். அப்புறம் திசைகாட்டி வந்தது. நிலா எந்தத் திசையில் உதிக்கிறது என்று பார்க்கவாக்கும் என்றேன். அமீருன்னிசா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கடைக்குக் கதவுக் கீல் வாங்க வந்த அருள்பாண்டி வாத்தியாரிடம் ஒருநாள் மெதுவாக விசாரித்தேன். அவர் புவியியல் நடத்துகிறவர். நிலவியலும் உங்கள் பாடமும் ஒன்றா சார் என்றேன். புவியியல் வேறு, புவியமைப்பியல் வேறு, ஆனால் புவியமைப்பியலும் நிலவியலும் ஒன்று, புவி அறிவியல் என்றால் எல்லாம் சேர்ந்தது, பழைய புத்தகத்தில் இன்னொரு பேர் இருக்கும் என்று அவர் ஆரம்பித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கீலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இதற்குள் ஊர் வேறு சேர்ந்துகொண்டது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து டீக்கடையில் நின்றால், இந்தத் தடவை பிறை என்றைக்குத் தெரியும், மகளைக் கேட்டுச் சொல்லுங்கள் என்பார்கள். நானும் கேட்டேன். ஷிபா நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, மேகம் இல்லாவிட்டால் தெரியும் என்று மட்டும் சொன்னாள். அதை அப்படியே டீக்கடையில் போய்ச் சொன்னேன். மாஷா அல்லாஹ், என்ன தெளிவு என்றார்கள்.

கடைசிச் சனிக்கிழமை பெற்றோரும் வரலாம் என்று செய்தி வந்தது. இடம், கீழக்குயில்குடி மலையடிவாரம். நேரம், காலை பத்து மணி. பகல் பத்து மணிக்கு என்ன நிலா என்று மண்டை காய்ந்தது. பகலிலும் சில நாள் வெளிறிப்போய்த் தெரியுமே, அதுவாக இருக்கும் என்று நினைத்து, பக்கத்துக் கடையில் பைனாகுலர் இரவல் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மலையடிவாரத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. தொப்பி போட்ட ஓர் அம்மா நடுவில் நின்று, மலை மேல் யாரும் சுத்தியலை வைக்கக்கூடாது, கீழே உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுங்கள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் தமிழ்வாணியாம். நான் பக்கத்தில் போய், பைனாகுலரைக் கையில் எடுத்து, மரியாதையாகக் கேட்டேன்.

“மேடம், நிலாவுக்கு எந்தப் பக்கம் பாக்கணும்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நிலத்தைப் பற்றிய படிப்பு என்று பொறுமையாக விளக்கினார். என்னைப் போலவே இன்னும் சில வீட்டிலும் நிலா என்று நினைத்துத்தான் அனுப்பினார்களாம். அடுத்த வருஷம் நோட்டீஸை மாற்றுகிறோம் என்றார். இன்றைக்கு யார் யார் கல்லூரியில் சேரப் போகிறார்கள் என்று பேர் எடுக்க வேண்டும், நீங்கள் வேண்டாம் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன் என்றும் சொன்னார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காஜிமார் தெரு, டீக்கடை, மச்சான் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஷிபாவைத் தனியாகக் கூப்பிட்டேன். நான் நிலா நிலா என்று ஊரெல்லாம் உளறிக்கொண்டு திரிந்தபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“மொதல்ல நானும் நிலான்னு நெனச்சுத்தான் அத்தா போனேன்” என்றாள். “கல்லுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நின்னுருக்கலாம். நிக்கத் தோணல. உங்ககிட்டச் சொன்னா நிறுத்திருவீங்க.”

இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அது அப்போது உறைக்கவில்லை. காலடியில் கிடந்த கல் ஒன்றை எடுத்து அவள் முன்னால் நீட்டி, இதில் என்ன இருக்கிறது என்று இத்தனை வாரம் வந்தாய் என்று கேட்டேன். கேள்வியா அது, வசவுதான். அவள் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டாள்.

கல்லை வாங்கித் திருப்பிக் காட்டினாள். “இந்த வெள்ளைக் கோடும் கருப்புக் கோடும் ஒரே கல்லுதான் அத்தா. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல, அம்புட்டுச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் இளகி, கருப்பு தனியா வெள்ளை தனியாப் பிரிஞ்சு படுத்துக்கிச்சு. மேல இருந்ததெல்லாம் கரைஞ்சு போயி, அடியில கெடந்தது இப்ப நம்ம காலுக்குக் கீழ இருக்கு.”

அதோடு நிற்கவில்லை. இந்த மலை எப்படி நின்றது, சுற்றியிருந்த நிலம் எப்படித் தேய்ந்தது, உசிலம்பட்டிப் பக்கம் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் சில இடத்தில் ஏன் தண்ணீர் வருவதில்லை, பாறையில் விரிசல் இருந்தால்தான் தண்ணீர் தங்கும் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போனாள். கை ஒரு பக்கம் மலையைக் காட்டியது, ஒரு பக்கம் வயலைக் காட்டியது. எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. நான் கல்லைப் பார்க்கவும் இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பிள்ளைக்குள் இம்புட்டுப் பேச்சு இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு ஒருநாளும் இடம் கிடைக்கவில்லை.

என் முகம் எப்படி இருந்ததோ, அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். கல்லை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“வேணாம்னா விட்டுர்றேன் அத்தா.”

பழைய குரல். “நல்லாருக்கு”, “பரவால்ல” என்று சொல்கிற அதே குரல். எனக்குப் பயமாகிவிட்டது. மச்சானிடம் என்ன சொல்வேன், ஊருக்கு என்ன சொல்வேன் என்று அப்போதும் தெரியவில்லை. கல் படித்து என்ன வேலைக்குப் போவாள், யார் கட்டிக்கொள்வார்கள் என்பதும் தெரியவில்லை. ஆனாலும் பேராசிரியர் இருந்த பக்கம் திரும்பி, என் மகள் சேருகிறாள், பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு கல்லை எடுத்து மறுபடியும் அவள் கையில் கொடுத்தேன்.

“எனக்கு ஒண்ணும் புரியலம்மா. மொதல்ல இருந்து சொல்லு.”

அவள் நம்பாமல் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள், மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. வெள்ளைக் கோட்டுக்கு வந்திருப்பாள், என் சட்டைப் பையில் போன் அடித்தது. யாசீன் மச்சான். நிலாவைப் பார்த்தாயா மாப்ள என்று கேட்டார்.

“இப்ப முடியாது மச்சான்” என்றேன். “ஷிபா பேசிக்கிட்டிருக்கா.”