பீப்பி இல்லாத யானை

சிவப்பு பிளாஸ்டிக் யானையை ஒட்ட அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் அடிவயிற்று ஓட்டையோடு மூட்டையிலிருந்து எடுத்த கழுவாத பொம்மையின் ஓட்டையைப் பொருத்தினாள். பிறகு பொம்மையை மெல்ல நசுக்கி, யானையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். எத்தனையோ மழைக்காலமாகப் பொம்மைக்குள் அடைந்து கிடந்த காற்று யானைக்குள் ஏறியது. சட்டென்று கட்டை விரலால் ஓட்டையை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"பதினேழு வருஷமா நாத்தம் எடுக்குற பொம்பள, இன்னைக்கு நாத்தத்துக்கு அலையுறா" என்றான் கதவோரம் நின்ற கணவன். சிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைக் காயலான் கடைகளில் பொறுக்கி மூட்டை கட்டி வருவது அவன் வேலை. அவற்றின் பூஞ்சை வாடையைப் போக்குவது அவள் வேலை. அமுக்கினால் கத்தும் பீப்பியை வளைந்த ஊக்கால் பிடுங்கி எடுப்பாள். உள்ளே சோப்புத் தண்ணீரோடு ஒரு பிடி அரிசியைப் போட்டுக் குலுக்குவாள். இரண்டு தரம் அலசி, நிழலில் காற்றாட வைப்பாள். வெயிலில் போட்டால் வாடை சீக்கிரம் போகும், கூடவே நிறமும் போய்விடும். அவள் கைப்பட்ட பொம்மை எந்த வீட்டிலிருந்து வந்ததென்று நாயால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் கைதான் நேற்று காரியத்தைக் கெடுத்தது. அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றும்போது அதன் அடியிலிருந்த இரும்புப் பெட்டியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்தார்கள். யானை எப்படியோ மூட்டைக் குவியலில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் பேச்சும் யோசனையும் வேறெங்கோ இருக்க, கை தன்பாட்டுக்குப் பீப்பியைப் பிடுங்கிக் குலுக்கி அலசி முடித்தது. துடைக்கும்போது கிழிந்த இடது காது விரலில் தட்டுப்பட்டது.

அது அண்ணனுடைய யானை. அஞ்சு வயசில், மூன்றே நாள் காய்ச்சலில் போனவன். அம்மா அவனைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. பெட்டியைத் திறப்பாள், யானையை மோந்து பார்ப்பாள், மூடுவாள். கண் பார்வை போன பிறகு தினமும்.

"எங்கடி அது?" கூடத்திலிருந்து அம்மாவின் குரல். காலையிலிருந்து மூன்றாவது தடவை.

"பெட்டிச் சாவியக் காணோம்மா. தேடிட்டிருக்கேன்."

நர்ஸ் வெளியே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, மூச்சு ரொம்ப இறங்கிடுச்சு. கேக்குறதக் குடுத்துடுங்க. மதியம் தாண்டுமான்னு தெரியல."

"உள்ளதச் சொல்லிடேன்" என்றான் கணவன்.

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? உன் புள்ளையக் கழுவி சாக்கடையில ஊத்திட்டேன்னா?"

அவள் இன்னொரு தரம் பொம்மையை நசுக்கினாள். இந்த முறை வாடை ஏறியிருந்தது. விரலை அழுத்தியபடியே உள்ளே போய், யானையை அம்மாவின் கையில் வைத்தாள்.

அம்மாவின் விரல்கள் தும்பிக்கையைத் தடவின, முதுகில் ஏறின, கிழிந்த காதில் வந்து நின்றன. முகம் இளகியது. யானையை மூக்கருகே கொண்டுபோய் அமுக்கினாள். பீப்பி இல்லாததால் சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அம்மாவின் நெற்றி சுருங்கியது.

"இது யார் வீட்டுப் புள்ளைடி?"

நர்ஸ் மருந்துப் பாட்டிலை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"கழுவிட்டேன்மா" என்றாள் மகள். "தெரியாம. கை பழக்கத்துல."

அம்மாவின் விரல் யானையின் முதுகைத் தடவியது. பிறகு, "வெயில்லயா போட்ட?"

"இல்லம்மா. நிழல்லதான்."

"நிறம் போச்சா?"

"போகல. அப்படியே இருக்கு."

"ம்." உதடு ஓரமாகக் கோணியது. "அவனக் குளிப்பாட்டணும்னா நாலு பேர் பிடிக்கணும். உனக்கு மட்டும் எப்படிடி நின்னான்?"

அம்மா யானையை முகத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அதன் வயிறு ஒட்டிப்போனது. ஓட்டை அவள் வாயருகே இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மகள் மனசுக்குள் எண்ணினாள். ஏழு. பதினொன்று. அப்புறம் ஒரு மூச்சு வெளியே வந்தது, நீளமாக.

விரல்கள் தளர்ந்தன. ஒட்டிக் கிடந்த யானையின் வயிறு, தானாக, மெதுவாக உப்பி நிறைந்தது.

நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் யானையை எடுத்து, அதன் அடிவயிற்று ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்தாள்.

அழுகைச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா அம்மாவுக்குக் கீழே மாற்று விரிப்பைச் சொருகிவிட்டு நிமிர்ந்தாள். "அந்த முனையப் பிடிம்மா. ரெண்டு கையாலயும் பிடி, ஒரு கையால எப்படித் தூக்குவ? அந்தப் பொம்மையக் கொஞ்சம் கீழதான் வையேன்."

அவள் ஒரு கையாலேயே பிடித்தாள். விரிப்பு நழுவியது.

கணவன் அவளையும் பார்த்தான், அவள் விரலையும் பார்த்தான். சுற்றி வந்து அந்த முனையைத் தான் வாங்கிக்கொண்டான். அவள் சுவரோரம் நகர்ந்து நின்றாள். கட்டை விரல் நகம் வெளுத்திருந்தது.