முதல் பந்தம்

நெய்ப்பந்தங்களைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கப் போன இறந்தவரின் தம்பி சாமிக்கண்ணு, முதல் பந்தத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். மேளம் ஓய்ந்தது. பந்தம் பிடித்துச் சுற்றி வந்த பிறகுதான் பிணத்தைத் தூக்குவார்கள்.

“நம்ம வகையறாவுல பேரு வாங்குன புள்ளதான் மொதப் பந்தம் புடிக்கும். அண்ணன் பேரு பொட்டப்புள்ளகிட்டல்ல இருக்குது? மக வூட்டுப் பையன வரச் சொல்லுங்க.”

பெரியநாயகி கணவனைப் பார்த்தாள். பச்சமுத்து ஈர வேட்டியோடு தலைகுனிந்து நின்றான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பன்னிரண்டு வயது மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனாரின் தாத்தா பேர் கொளஞ்சி. இப்போது கிடத்தியிருக்கும் மாமனாரும் கொளஞ்சி. இவளுக்குப் பெண் பிறந்து, இனி பிள்ளை கிடையாது என்று டாக்டர் சொன்ன அன்று, செராமிக் கம்பெனியில் சூளை வேலை முடித்து அப்படியே வந்த மாமனார், கையிலிருந்த வெள்ளை மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். “என்னா கொளஞ்சி, வந்துட்டியா?” ஆண் வாரிசு இல்லையே என்ற பேச்சு அதோடு முடிந்தது.

மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. மகள் அவளுக்குப் ‘பாப்பா’வானாள், கோபம் வந்தால் ‘ஏ புள்ள’. மாசிமகக் கூட்டத்தில் குழந்தை காணாமல் போனபோது, மைக் முன்னால் இருந்த போலீஸ்காரர் பேரைக் கேட்டார்.

“எங்க மாமனாரு பேருதாங்க.”

“மாமனாரு பேரு என்னாம்மா?”

“எம் பொண்ணு பேருதாங்க.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினார். “ஏ கொளஞ்சி! நான் கொளஞ்சி பேசுறன். கோபுரத்துக்கிட்ட வா!” ஆற்றங்கரை முழுக்கச் சிரித்தது. குழந்தை வந்துவிட்டது.

வீட்டில் ஒரு பீங்கான் குவளை உண்டு. சூளையில் வைத்துச் சுடும் முன் அதன் அடியில் மாமனார் ஆணியால் பேரைக் கீறியிருந்தார். “எம் பேரு போட்டிருக்குது, என்னுது” என்று இருவரும் அதற்குச் சண்டை போடுவார்கள். கழுவினால் மற்றக் குவளைகளைக் கவிழ்த்து வைக்கும் பெரியநாயகி, அதை மட்டும் நிமிர்த்தியே வைப்பாள்.

நாத்தனார் தன் மகனின் முதுகைத் தொட்டு முன்னால் தள்ளினாள்.

“கொளஞ்சி!”

தன் குரல்தானா என்று பெரியநாயகிக்கே திகைப்பாக இருந்தது. ஒப்பாரி நின்றுபோயிற்று.

“மாமனாரு பேரயா சொல்லிட்ட?” பக்கத்து வீட்டுப் பூவாயி வாயில் கை வைத்தாள். “நீ போட்ட சத்தத்துக்குச் செத்தவரே எழுந்து வந்துடப் போறாரு, போ.”

“எம் பொண்ணத்தான் கூப்புட்டங்க்கா.” பெரியநாயகி சாமிக்கண்ணுவின் பக்கம் திரும்பினாள். “பேரு வாங்குன புள்ளதான்னு நீங்கதான மாமா சொன்னீங்க? அவரு பாத்துக் குடுத்த பேரு. பந்தத்த அவகிட்டக் குடுங்க.”

பச்சமுத்து நிமிர்ந்தான். மகளின் கையைப் பிடித்து அழைத்து வந்து முன்னால் நிறுத்தினான். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். சாமிக்கண்ணு கிடத்தியிருந்த அண்ணனின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பந்தத்தைக் கொளுத்தினார்.

“நேரா புடி கொளஞ்சி. நெய்யி கையில வுழும்.”

அவள் முன்னால் நடந்தாள். அவளைவிட உயரமான பையன்கள் பின்னால் வந்தார்கள்.

ஊர்வலம் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெரியநாயகி கிணற்றடியில் பாத்திரங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குவளைக்குள் காலையில் அவர் மிச்சம் வைத்த டீ காய்ந்திருந்தது. தேய்த்துக் கழுவினாள். மற்றக் குவளைகளோடு, பேர் மேலே தெரிய, அதையும் வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.